திரி கருகினால் விளக்கையே எறிவதா?

“அம்மா! போன் மறுபடியும் செத்துப் போச்சு!”

மகள் கத்தினாள். அடுப்படியில் இருந்த தாய் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். மணி 8. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவான். வாரத்துக்கு ஒரு நாள். 10 நிமிடம். அந்த 10 நிமிடத்துக்காகத்தான் அவள் மற்ற 6 நாளையும் தள்ளுகிறாள்.

மணி அடித்தது. மகள் எடுத்தாள். “அண்ணா...” என்று ஒரு சொல் சொன்னாள். அவ்வளவுதான். போனின் முகம் கறுத்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை “30 சதவீதம் சார்ஜ் இருக்கிறது” என்று காட்டிக்கொண்டிருந்த போன் அது!

மறுநாள் தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் முதுகைச் சுரண்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

“பாட்டரி போச்சுக்கா. இதைத் திறக்கிறதே பெரிய பாடு. புதுசு ஒண்ணு வாங்கிடுங்க. தவணையிலே தர்றேன்.”

போனுக்கு வயது 3. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பேச்சு தெளிவாகக் கேட்கிறது. படம் பளிச்சென்று விழுகிறது. தாய் தையல் மிஷின் மிதித்துச் சேர்த்த 12 ஆயிரம் ரூபாய் அதில் இருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது. பாட்டரி ஒன்றைத் தவிர!

இது ஒரு வீட்டில் நடக்கும் கதை அல்ல. எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் நடக்கிற கதைதான்.

அந்தக் காலத்தில் அரிக்கேன் விளக்கில் திரி கருகினால் காலணாவுக்குத் திரி வாங்கிப் போட்டார்கள். டார்ச் லைட் மங்கினால் மூடியைத் திருகி, 2 கட்டையை மாற்றினார்கள். சைக்கிள் டியூப் போனால் டியூபை மாற்றினார்கள். யாராவது விளக்கைத் தூக்கி எறிந்தார்களா? சைக்கிளைக் குப்பையில் போட்டார்களா? அப்படிச் செய்திருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

இன்று செல்போனில் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை!

பாட்டரி என்ன பாவம் செய்தது?

பாட்டரி மீது குற்றம் இல்லை. அது தேயப் பிறந்த பொருள். செருப்பின் அடித்தோல் தேய்வது போல அதுவும் தேயும்.

செல்போனில் இருப்பது லித்தியம் பாட்டரி. 1991-ம் ஆண்டில் ஜப்பானின் சோனி கம்பெனி அதை முதன் முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு வழி வகுத்த குட்இனாப், விட்டிங்காம், யோஷினோ என்ற 3 விஞ்ஞானிகளுக்கு 2019-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கும்போது குட்இனாபுக்கு வயது 97. அவ்வளவு வயதில் வேறு யாரும் நோபல் பரிசு வாங்கியது இல்லை. அவர் 100 வயது வரை இருந்து, 2023-ல் காலமானார். பாட்டரியைக் கண்டவர் 100 ஆண்டு வாழ்ந்தார். பாட்டரிதான் 3 ஆண்டில் போய்விடுகிறது!

அது எப்படி வேலை செய்கிறது? பாட்டரிக்குள் 2 அறைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஓர் அறையில் கரி. பென்சில் முனையில் இருக்கிறதே, அந்தக் கரி. மறு அறையில் உலோகம் கலந்த ஒரு ரசாயனப் பொருள். நடுவில் பூப்போல மெல்லிய தடுப்பு. எல்லாவற்றையும் நனைத்தபடி ஒரு திரவம். சார்ஜ் போட்டால் லித்தியத் துகள்கள் கரி அறைக்குள் போய் உட்காரும். போனைப் பயன்படுத்தும்போது அவை பழைய அறைக்குத் திரும்பி வரும். இந்தப் போக்குவரத்தில்தான் மின்சாரம் கிடைக்கிறது.

ஒவ்வொரு முறை போய் வரும்போதும் கரியின் மீது ஒரு படலம் படிகிறது. பானையின் அடியில் கறை படிவது போல. சில துகள்கள் அந்தப் படலத்தில் மாட்டிக்கொள்கின்றன. திரும்பி வருவதே இல்லை. நாளாக ஆக, போய்வர ஆள் குறைகிறது. வழியும் அடைபடுகிறது.

வழி அடைபடுவதுதான் அந்தத் தாயின் போன் செய்த மாயத்துக்குக் காரணம். போன் சும்மா கிடக்கும்போது அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். 30 சதவீதம் என்று காட்டுவதும் பொய் அல்ல. ஆனால் மணி அடித்ததும், பேச்சு தொடங்கியதும், அது ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கேட்கிறது. கிழட்டுப் பாட்டரியால் கொடுக்க முடிவதில்லை. அழுத்தம் சட்டென்று விழுகிறது. போன் மூடிக்கொள்கிறது. தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாய் அடைபட்டால் எப்படி? அப்படித்தான்.

500 தடவை முழுசாக சார்ஜ் ஏற்றி இறக்கினால், பாட்டரியில் 80 சதவீதம் பலம் மிஞ்சும் என்பது கம்பெனிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்த கணக்கு. இப்போது 800, ஆயிரம் என்று தாங்கும் பாட்டரிகளும் வந்துவிட்டன. எத்தனை தாங்கினாலும் ஒரு நாள் தேயத்தான் செய்யும். இது கம்பெனிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், தேயும் பொருளை உள்ளே வைத்துப் பசை போட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள். வழக்கே அதுதான்.

நகத்தால் திறந்த காலம்

முன்பு இப்படி இல்லை. 2003-ல் வந்த நோக்கியா 1100 போனை நினைவு இருக்கிறதா? தலையில் டார்ச் லைட் உள்ள போன். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் முதுகை நகத்தால் தள்ளினால் மூடி கழன்று வரும். பாட்டரி கையில் விழும். பி.எல். 5சி என்ற அந்த பாட்டரி பெட்டிக்கடை வரை கிடைத்தது. படிக்காத பாட்டிகூட அதை மாற்றினாள். தண்ணீரில் விழுந்தால் முதல் வேலை பாட்டரியைக் கழற்றுவதுதான். போன் முரண்டு பிடித்தாலும் அதுவேதான் வைத்தியம்!

அந்த பி.எல். 5சி பாட்டரிக்கு 2007 ஆகஸ்டில் ஒரு சோதனை வந்தது. ஜப்பானில் ஒரு கம்பெனி செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகள், சார்ஜ் போடும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. நம் நாட்டில் ஒரே பீதி! போன் வெடிக்கும் என்று வதந்தி பறந்தது. ஜனங்கள் நோக்கியா கடைகளை மொய்த்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில், அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. (அந்தத் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது.)

பீதி எப்படி அடங்கியது? மிகச் சுலபமாக அடங்கியது. மூடியைத் திறந்து பாட்டரியில் உள்ள எண்ணைப் பார்த்தார்கள். கெட்ட எண்ணாக இருந்தால் அதைக் கொடுத்து, புது பாட்டரியை இலவசமாக வாங்கிக்கொண்டார்கள். போன் வீட்டில் இருந்தது. அதில் இருந்த பெயர்களும் நம்பர்களும் அப்படியே இருந்தன. பாட்டரி மட்டும் திரும்பிப் போனது.

9 ஆண்டு கழித்து என்ன நடந்தது? 2016 ஆகஸ்டில் சாம்சங் கம்பெனி நோட் 7 என்ற விலை உயர்ந்த போனை விற்பனைக்கு விட்டது. சில வாரங்களில் அவை தீப்பிடிக்கத் தொடங்கின. பாட்டரியில் கோளாறு. ஆனால் அந்த பாட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. சொந்தக்காரர் கையால் கழற்ற முடியாது. என்ன செய்வது? சுமார் 25 லட்சம் போன்களை அப்படியே திரும்பப் பெறுவதாகக் கம்பெனி அறிவித்தது. மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன. அவற்றுக்கு பாட்டரி செய்தது வேறொரு கம்பெனி. அதிலும் வேறொரு குறை! விமானங்களில் அந்தப் போனுக்குத் தடை விதித்தார்கள். அக்டோபரில் அந்தப் போனே நிறுத்தப்பட்டது.

போனின் மற்ற பாகங்கள் கெட்டவையா? இல்லவே இல்லை. மறு ஆண்டு அதே கம்பெனி, விற்காமல் கிடந்த நோட் 7 போன்களிலும் மிச்சப் பாகங்களிலும் கொஞ்சம் சிறிய பாட்டரியை வைத்து, வேறு பெயரில் தென் கொரியாவில் விற்றது. ஜனங்கள் வாங்கினார்கள். அவை எரியவில்லை!

இரண்டிலும் வியாதி பாட்டரிக்குத்தான். ஒன்றில் பாட்டரி மட்டும் போனது. மற்றொன்றில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை ஆயிற்று.

பசை வந்த கதை

பூட்டி வைக்கும் பழக்கம் செல்போனில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே பாட்டுப் பெட்டியில் இருந்தது. 2001-ல் ஆப்பிள் கம்பெனி ஐபாட் என்ற கையடக்கப் பாட்டுப் பெட்டியைக் கொண்டு வந்தது. அதன் பாட்டரி உள்ளே அடைபட்டிருந்தது. 2003-ல் அமெரிக்காவில் நீஸ்டாட் என்ற சகோதரர்கள் அதைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார்கள். 18 மாதத்தில் பாட்டரி போய்விட்டது, கம்பெனியைக் கேட்டால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள் என்பதுதான் படம். நியூயார்க் தெருக்களில் ஒட்டியிருந்த விளம்பரங்களின் மேல், “இதன் பாட்டரி 18 மாதம்தான் இருக்கும்” என்ற கருத்தில் பெயிண்டால் எழுதி வைத்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. பாட்டரியை மாற்றித் தர 99 டாலர் கட்டணம் என்று அந்த நேரத்தில்தான் கம்பெனி அறிவித்தது. பிறகு கோர்ட்டில் வழக்கு வந்து, 2005-ல் சமரசம் ஆனது.

இத்தனைக்குப் பிறகும் 2007-ல் அதே கம்பெனி ஐபோனைக் கொண்டு வந்தபோது, அதன் பாட்டரியும் உள்ளேயே அடைபட்டிருந்தது! மற்ற கம்பெனிகளும் மெதுவாகப் பின்னால் போயின. நகத்தால் திறக்கும் போன் கடைகளில் அருகிவிட்டது.

2017 டிசம்பரில் பெரிய குட்டு உடைந்தது. பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று நின்றுவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. காரணத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்கும் கிழவரை ஓடச் சொல்லாமல் நடக்கச் சொன்னது போலத்தான். ஆனால் அதை வாங்கியவரிடம் சொல்ல வேண்டாமா? “போன் பழசாகிவிட்டது, அதனால்தான் மெதுவாகப் போகிறது” என்று நினைத்து எத்தனை பேர் புதுசு வாங்கியிருப்பார்கள்! பாட்டரியை மாற்றியிருந்தால் பழைய வேகம் திரும்பியிருக்கும்.

ஜனங்கள் கொதித்தார்கள். வழக்கு மேல் வழக்கு. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பாட்டரி மாற்றும் கட்டணத்தை, 2018-ம் ஆண்டு முழுவதும் 29 டாலராகக் குறைத்தது. 2020-ல் பிரான்சு நாட்டு அதிகாரிகள் 2½ கோடி யூரோ அபராதம் போட்டார்கள். அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கைத் தீர்க்கக் கம்பெனி சம்மதித்தது.

இதில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. 2019 ஜனவரி 2-ந் தேதி ஆப்பிள் தலைவர் டிம் குக் பங்குதாரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிர்பார்த்த அளவு விற்பனை இல்லை என்று அதில் வருத்தத்தோடு தெரிவித்தார். சீனாவில் மந்தம் என்பது முக்கிய காரணம். மற்ற காரணங்களில் ஒன்றாக அவர் சொன்னது என்ன தெரியுமா? சிலர் குறைந்த கட்டணத்தில் பாட்டரியை மாற்றிக்கொண்டார்கள் என்பது!

பாட்டரி மலிவாகக் கிடைத்தால் ஜனங்கள் பழைய போனையே வைத்துக்கொள்வார்கள். பாட்டரி கிடைக்காவிட்டால் புதுசு வாங்குவார்கள். தராசின் எந்தத் தட்டில் கம்பெனியின் கை இருக்கும் என்று குழந்தைக்கும் தெரியும்.

அவர்கள் சொல்லும் சமாதானம்

கம்பெனிக்காரர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? “மூடி வைத்தால்தான் தண்ணீர் புகாது. போன் மெல்லியதாக இருக்கும். பாட்டரியை ஆளாளுக்குத் தொட்டால் ஆபத்து” என்கிறார்கள்.

மெல்லியதாக இருக்கும் என்பது உண்மை. கெட்டியான கூடு இல்லாத பாட்டரியை உள்ளே ஒட்டினால் இடம் மிச்சமாகும். அந்த இடத்தில் கொஞ்சம் பெரிய பாட்டரி வைக்கலாம். ஒரு நாள் முழுதும் சார்ஜ் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் விஷயம் பாதி உண்மை. 2014-ல் சாம்சங் கம்பெனியே கேலக்சி எஸ் 5 என்ற போனை விற்றது. முதுகைக் கழற்றலாம். பாட்டரியை மாற்றலாம். தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மூடியின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை, அவ்வளவுதான் சூட்சுமம்! செய்து காட்டியவர்களே, முடியாது என்று சொன்னால் எப்படி நம்புவது?

ஆபத்து என்பது முழு உண்மை. உள்ளே ஒட்டப்படும் பாட்டரி, மெல்லிய பைக்குள் இருக்கிறது. கத்தி பட்டால் தீப்பிடிக்கும். ஆனால் அதைப் பசை போட்டு ஒட்டியது யார்? நெம்பி எடுக்கும் நிலைக்குத் தள்ளியது யார்? கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டுவிட்டு, “கிட்டே போகாதே, ஆபத்து” என்று போர்டு வைப்பது போல இருக்கிறது.

காதில் மாட்டும் சின்ன ஒயர்லெஸ் கருவிகள் கதை இன்னும் மோசம். புளியங்கொட்டை அளவு கூட்டுக்குள் பொட்டு பாட்டரி. பெரும்பாலானவற்றை உடைக்காமல் திறக்க முடியாது. 2 அல்லது 3 ஆண்டு ஆனதும் குப்பை. ஆனால் 2024-ல் பேர்போன் என்ற டச்சுக் கம்பெனி, பாட்டரியை மாற்றக்கூடிய காது கருவியையும் செய்து விற்பனைக்கு விட்டுவிட்டது. அதே கம்பெனியின் போனிலும் பாட்டரியை வாங்கியவரே மாற்றலாம்.

ரிட்சி தெருவில்

சட்டம் வரும் வரை சாமானியர் என்ன செய்வது? சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிட்சி தெரு இருக்கிறது. அங்கும், ஊர் ஊராக உள்ள சிறு கடைகளிலும், இந்தப் பசைக் கோட்டையை உடைக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பார்த்தால் டாக்டர் ஆபரேஷன் செய்வது போல இருக்கும்.

நல்ல வேலைக்காரர் முதலில் போனில் சார்ஜை இறக்குவார். சார்ஜ் குறைந்த பாட்டரி தவறிக் குத்துப்பட்டாலும் ஆபத்து குறைவு. பிறகு முதுகை அளவாகச் சூடு காட்டி, பசையை இளக்குவார். மெல்லிய பிளாஸ்டிக் சீவலை விட்டு ஓரம் ஓரமாகப் பிரிப்பார். உள்ளே போனதும் முதல் வேலையாக பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவார். பாட்டரியைக் கத்தியால் நெம்ப மாட்டார். வளைக்கவும் மாட்டார். புதுசு வைத்ததும், மூடுவதற்கு முன் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஒன்று சொல்வார்: “இனிமே தண்ணியிலே நனைக்காதீங்க. கம்பெனி போட்ட அடைப்பு மாதிரி இருக்காது.” இதைச் சொல்பவரை நம்பலாம்.

வீட்டில் யூடியூபைப் பார்த்துத் தாங்களே திறக்க முயலும் இளைஞர்களுக்குத் துணிச்சல் இருக்கிறது. ஆனால் ஒட்டிய பாட்டரி விளையாட்டுப் பொருள் அல்ல. கழற்றும் வகையில் செய்த கருவியை மட்டும் கழற்றுவது நல்லது.

போலி பாட்டரிகள் இன்னொரு தலைவலி. பெரிய பெயரை அச்சடித்து, இல்லாத பலத்தை எழுதி, சல்லி விலைக்கு விற்கிறார்கள். நம் நாட்டில் இந்த பாட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். பாட்டரியின் மேல் அந்த முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆங்கில ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பில் கேட்டு வாங்க வேண்டும். “புதுசு” என்று கொடுக்கும் பாட்டரி 4 ஆண்டாகக் கடையில் தூங்கியதாகவும் இருக்கலாம். பயன்படுத்தாமல் கிடந்தாலும் பாட்டரி கிழடு தட்டும். செய்த தேதியையும் பார்ப்பது நல்லது.

போனின் முதுகு உப்பி, கண்ணாடி மேலே எழும்பினால் தாமதிக்கவே கூடாது. பாட்டரிக்குள் வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போடக் கூடாது. அமுக்கிப் பார்க்கக் கூடாது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரைத் தூர நிற்கச் சொல்ல வேண்டும்! குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாட்டரியின் முதல் எதிரி சூடு. போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதும், வெயிலில் நிற்கும் பஸ்ஸின் கண்ணாடி ஓரம் வைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். “புதுப் போனை முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்” என்பது பழைய ரக பாட்டரிக்குச் சொன்னது. தாத்தா சொன்னார் என்று இன்னும் செய்து வருகிறார்கள். லித்தியம் பாட்டரிக்கு அது தேவை இல்லை. முழுவதும் தீர்த்து, முழுவதும் நிரப்ப வேண்டும் என்பதும் இல்லை. அடிமட்டத்துக்கு விடாமல், அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் அதற்கு நல்லது.

ஐரோப்பாவில் முடியும் என்றால்...

ஐரோப்பிய நாடுகளின் யூனியன் 2023-ல் ஒரு சட்டம் செய்தது. கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பாட்டரியை, வாங்கியவரே சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18-ந் தேதி முதல் இது அமுலுக்கு வரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

செல்போனுக்கு என்று தனி விதிகளும் உண்டு. அவை 2025 ஜூன் 20-ந் தேதி அமுலுக்கு வந்தன. 800 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பாட்டரியில் 80 சதவீத பலம் இருக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டு வரை உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். தண்ணீரும் தூசியும் புகாத போனாக இருந்து, பாட்டரி ஆயிரம் தடவை தாங்கினால், அதை வாங்கியவரே மாற்றும்படி செய்யத் தேவை இல்லை. கடைக்காரர் மாற்றினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் அந்தச் சந்து வழியாகத்தான் போகும். இருந்தாலும் பாட்டரியாவது கெட்டியாக இருக்கும், உதிரிப் பாகமாவது கிடைக்கும். அது பெரிய லாபம்தான்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2022 ஜூலையில், ரிப்பேர் செய்யும் உரிமை பற்றி ஆராய மத்திய சர்க்காரின் நுகர்வோர் துறை ஒரு கமிட்டி அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி அதற்கென்று ஓர் இணைய தளத்தையும் தொடங்கியது. எந்தக் கம்பெனி எங்கே ரிப்பேர் செய்து தருகிறது என்ற விவரங்களை அதில் கொடுத்தார்கள். குறை இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய பாட்டரிகள் பற்றியும் விதிகள் வந்தன. செத்த பாட்டரியைத் திரும்பப் பெறுவது அதைச் செய்து விற்றவரின் பொறுப்பு. குப்பை மேட்டில் புதைக்கவோ கொளுத்தவோ கூடாது.

எல்லாம் நல்ல காரியம். ஆனால் திரும்பப் பெறுகிற விதி இருக்கிறது. திறக்கும்படி செய்ய வேண்டும் என்ற விதி எங்கே? பாட்டரியை வெளியே எடுக்கவே முடியாவிட்டால் ஜனங்கள் எதைத் திருப்பிக் கொடுப்பார்கள்? போனோடு சேர்த்துக் குப்பையில்தான் போடுவார்கள். குப்பை லாரியில் நசுங்கினால் அது தீப்பிடிக்கும். அதை ஏற்றி இறக்கும் தொழிலாளியின் கை என்ன ஆகும்?

பசைக்குப் பதில் 4 திருகாணி. ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை. 7 ஆண்டு வரை பாட்டரி கிடைக்கும் என்ற உறுதி. அதன் விலையை போன் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். இதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஐரோப்பாக்காரருக்குப் போன் செய்து கொடுக்கும் கம்பெனிகளில் பலதான் நமக்கும் விற்கின்றன. சில போன்கள் நம் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே தயாராகி அங்கே கப்பல் ஏறுகின்றன. அங்கே போகும் போனில் போடுகிற திருகாணியை இங்கே விற்கும் போனிலும் போடச் சொல்லி டில்லி சர்க்கார் உத்தரவு போட வேண்டும். அதற்குப் புதிய விஞ்ஞானி யாரும் பிறந்து வர வேண்டியது இல்லை.

அந்தத் தாய் தவணையில் போன் வாங்கவில்லை. 2 தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போனாள். “சாயந்தரம் வாங்கம்மா” என்றான் அங்கிருந்த பையன். முத்திரை உள்ள பாட்டரியைக் காட்டி, பில்லும் எழுதிக் கொடுத்தான். கூலியோடு சேர்த்துப் புதுப் போன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பழைய பாட்டரியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தான்.

அடுத்த வாரம், மணி 8. போன் அடித்தது. இந்தத் தடவை மகளுக்கு முன்னால் தாய் எடுத்துவிட்டாள்.